வெப்பநிலையை நிறுத்தினால் சீப்பு ஏன் வருகிறது?

கேள்வி: ஒரு மோல் வாயுவின் அழுத்தம் கனஅளவையும் வெப்பநிலையையும் பொறுத்தது. வெப்பநிலையை 300 கெல்வினில் நிறுத்தி, அழுத்தம்–கனஅளவு கோடு மட்டும் பைத்தானில் வரைய வேண்டும். மெஷ்கிரிட் (இரண்டு மாறிகளின் எல்லா இணைகளையும் அட்டவணையாக்கும் கட்டளை) போட்டு வரைந்தால் சீப்புப் பல் மாதிரி செங்குத்துக் கோடுகள் வருகின்றன. எங்கே தப்பு?

பதில்: முதலில் அந்த மெஷ்கிரிட்டைத் தூக்குங்கள். இரண்டும் மாறும் பரப்பு வரையத்தான் அது. அது தரும் அட்டவணையில் ஒவ்வொரு நெடுவரிசையிலும் கனஅளவு மாறாது. படம் வரையும் நூலகமான மேட்பிளாட்லிப்பின் பிளாட் கட்டளை, நெடுவரிசைக்கு ஒரு கோடு போடும். சீப்பு வந்த கதை இவ்வளவுதான்.

எண் கணக்குக்கான நூலகமான நம்பையின் லின்ஸ்பேஸ் கட்டளையில் 0.005 முதல் 0.05 கனமீட்டர் வரை சம இடைவெளியில் 200 புள்ளிகள் எடுங்கள். வெப்பநிலைக்கு வெறும் 300 என்ற எண்ணைக் கொடுங்கள், போதும். அழுத்தம் என்பது வாயு மாறிலி 8.314 × வெப்பநிலை ÷ கனஅளவு. கோடு சரியா என்று பார்க்க ஒரு புள்ளி: 0.025-இல் 8.314 × 300 ÷ 0.025, அதாவது 99,768 பாஸ்கல், ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம். கனஅளவைப் பூஜ்யத்தில் மட்டும் தொடங்காதீர்கள்.

இதைப் போய் ப்ராஜெக்ட் சென்டரில் கேட்காதீர்கள். ஒரு கோடு கேட்டால் வானவில் நிறத்தில் முப்பரிமாணப் பரப்பு விற்பார்கள். அப்படிக் காசு கொடுத்து வாங்கிய ஒரு மாணவரிடம், "இதில் 300 எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன். கடைசிவரை தேடினார். அவரையும் குறை சொல்ல முடியாது, படம் பளபளவென்று இருந்தால்தானே நம் செய்முறைத் தேர்வில் மதிப்பெண் விழுகிறது!

அப்புறம், 250, 300, 350 என மூன்று கோடுகள் வேண்டுமென்றால் ஒரு பொறி இருக்கிறது. வெப்பநிலையை நிறுத்திய லாம்டாக்களை (பெயரில்லாத சிறு செயற்கூறுகள்) லூப்பில், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் பகுதியில், உருவாக்கி, லிஸ்டில் சேர்த்துவைத்து, லூப் முடிந்தபின் வரைவார்கள். படத்தின் ஓரத்தில் கோடுகளின் பெயர் சொல்லும் லெஜண்டில் மூன்று பெயர் இருக்கும், கண்ணுக்குத் தெரிவது ஒரே கோடு. மூன்றும் 350-தான், ஒன்றின்மேல் ஒன்று. லாம்டா எண்ணைப் பிடித்து வைப்பதில்லை. மாறியின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, கூப்பிடும்போதுதான் மதிப்பைப் போய்ப் பார்க்கும். அதற்குள் லூப் 350-க்கு வந்து நின்றிருக்கும். பிழைச் செய்தியும் வராது, அதுதான் வம்பு. பைத்தானோடு வரும் ஃபங்க்டூல்ஸ் தொகுப்பில் உள்ள பார்ஷியல் அப்போதே எண்ணைப் பிடித்துக்கொள்ளும். அதுகூட வேண்டாமென்றால் லூப்புக்குள்ளேயே வரைந்துவிடுங்கள். உங்களுக்கு ஒரே கோடுதானே? 300 என்று எழுதி ஓட்டுங்கள்.