ஒருவரே மூவராகத் தெரிவது, பக்கம் திறக்க அரை நிமிடம் ஆவது பற்றி

யார் எந்த நாளில் எவ்வளவு நிரல் வேலை செய்தார் என்று வரைபடமாகக் காட்டும் உங்கள் பக்கத்தில் ஒருவரே மூவராகத் தெரிகிறார், பக்கம் திறக்க அரை நிமிடம் ஆகிறது என்கிறீர்கள். இந்த இரண்டு கோளாறுகளுக்கும் வரைபட நிரலியைக் குறை சொல்லிப் பயனில்லை. நிரலின் மாற்ற வரலாற்றைப் பதிந்து வைக்கும் கிட் (Git), ஆளை அடையாளம் காண்பது பெயராலும் மின்னஞ்சலாலும்தான். வீட்டு மடிக்கணினியில் ஒரு முகவரி, அலுவலகத்தில் வேறொன்று என்றால் அவர் இரண்டு ஆள். களஞ்சியத்தின், அதாவது கிட் காக்கும் திட்ட அடைவின், வேரில் மெயில்மேப் (.mailmap) கோப்பு ஒன்றை வைத்து, ஒருவரின் முகவரிகளை அதில் இணையுங்கள். வரலாற்றைப் பட்டியலிடும் கிட் லாக் கட்டளையில் மின்னஞ்சலைக் கேட்கும் வடிவக் குறியீட்டில் 'ஏ'வுக்குப் பின் வரும் 'ஈ' சிறிய எழுத்தானால் (%ae) அந்தக் கோப்பைக் கண்டுகொள்ளாது. பெரிய எழுத்தானால் (%aE) மதிக்கும். இந்த ஓரெழுத்தில் நான் ஒரு நாளைத் தொலைத்திருக்கிறேன்.

தாமதத்துக்குக் காரணம், யார் பக்கத்தைத் திறந்தாலும் முழு வரலாற்றையும் எண்ணுவது. ஒருவர் தன் மாற்றங்களைச் சேவையகத்துக்கு அனுப்பும் புஷ் வந்து முடிந்ததும் அங்கே தானாக ஓடும் சிறு நிரலான போஸ்ட்-ரிசீவ் ஹூக்குக்கு, பழைய, புதிய கமிட்களின் (பதியப்பட்ட மாற்றங்களின்) அடையாளங்கள் கிடைக்கும். இடைப்பட்டவற்றை மட்டும் எண்ணி, நாள்வாரியாக ஓர் அட்டவணையில் சேருங்கள். யாராவது வரலாற்றைத் திருத்தி வலிந்து புஷ் செய்தால் மட்டும் அந்தக் கிளையை (தனி கமிட் வரிசையை) முதலிலிருந்து எண்ணுங்கள்.

ஒவ்வொரு கமிட்டிலும் இரண்டு தேதி உண்டு. வரைபடத்துக்கு, மாற்றம் முதலில் எழுதப்பட்ட ஆசிரியர் தேதியையே எடுங்கள். பழைய கமிட்களை வேறோர் இடத்தின் மேல் மீண்டும் அடுக்கும் ரீபேஸ் செய்தால், கமிட் கடைசியாக உருவான கமிட்டர் தேதி மாறிவிடும். ஒரு மாத வேலை ஒரே நாளில் கோபுரமாக நிற்கும்.

யார் எத்தனை வரி எழுதினார் என்ற கணக்கைத் தரவரிசையாகக் காட்டும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். வெளி நூலகம் ஒன்றைக் களஞ்சியத்துக்குள் நகலெடுத்துப் போட்டவர் முதலிடம் பிடித்துவிடுவார்.