வாங்கும் முன் கேளுங்கள்: கரண்ட் வைக்கிற மிஷின்

மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவின் தொடைத் தசைக்கு கரண்ட் வைக்கிற மிஷின் வாங்கினோம், அண்ணாச்சி. முதலில் நன்றாக இருந்தது. இப்போது கட்டெறும்பு கடிப்பது போலக் குத்துகிறது என்கிறார். மிஷின் கெட்டுவிட்டதா?
- அம்பாசமுத்திரம் வாசகி

மிஷினை விடுங்கள், ஒயர் முனையில் மாட்டித் தோலில் ஒட்டுகிற பேடைத் திருப்பிப் பாருங்கள். அடியில் இருக்கும் ஜெல் காய்ந்தாலோ ஓரம் தூக்கினாலோ, கரண்ட் பரவாமல் ஒட்டியிருக்கிற இடத்தில் மட்டும் மொத்தமாக இறங்கும். குத்தும், சிவக்கும், தோல் பொசுங்கவும் செய்யும். தைலம் தேய்த்த காலில் பேட் சரியாக ஒட்டாது. (நம்ம பக்கம் மூட்டு வலிக்குத் தைலம் தேய்க்காத வீடு எது?) சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் துடைத்து ஒட்டுங்கள். முடிந்ததும் பிளாஸ்டிக் தாளில் திரும்ப ஒட்டி, காற்றுப் புகாத கவரில் வையுங்கள். அப்படி வைத்தாலும் பெரும்பாலும் 20, 30 தடவைதான் வரும்.

என் எரிச்சல் வேறு. அட்டையில் எத்தனை 'மோட்' என்று கொட்டை எழுத்தில் போடுகிறவர்கள், பேட் அளவை ஏன் ஒளிக்கிறார்கள்? 5-க்கு 5 செ.மீ. பேட் என்றால் பரப்பு 25 சதுர செ.மீ.; 5-க்கு 9 என்றால் 45. அதே கரண்ட் அகலமாகப் பரவும்போது குத்தல் குறையும், தசை இறுகும் அளவுக்குக் கூட்டவும் முடியும். தொடைக்குப் பெரிய பேடே வேண்டும். சின்னது மலிவு, அதனால் அதையே தள்ளிவிடுகிறார்கள். ஒயர் முனையையும் பாருங்கள்: சிலதில் ஊசிமுனை, சிலதில் பிரஸ் பட்டன். மாற்றி வாங்கினால் மாட்டாது.

வயிற்றுக்குக் கரண்ட் வைக்கிற பெல்ட் கட்டினால் தொப்பை கரையுமா?
- வள்ளியூர் வாசகர்

கரையாது. என்னிடமும் ஒரு பெல்ட் இருக்கிறது. தொப்பையும் இருக்கிறது.

ஆஃபரில் மிஷின் வாங்கிவிட்டேன். அப்பாவுக்கு பேஸ்மேக்கர் இருக்கிறது. தோள் வலிக்குப் பேட் எங்கே ஒட்டலாம்?
- சங்கரன்கோவில் வாசகர்

எங்கேயும் ஒட்டாதீர்கள். ஆஃபர் கண்ணில் பட்டது, எச்சரிக்கைத் தாள் படவில்லையா? இதய டாக்டர் சம்மதிக்காமல் அந்த மிஷினை அப்பா பக்கம் கொண்டுபோகவே கூடாது.

புது பேட் பாக்கெட்டைப் பிரித்தால் ஜெல் காய்ந்து கிடக்கிறது. காலாவதி தேதி மேல் ஸ்டிக்கர். கடைக்காரர், "பிரித்ததை வாங்க மாட்டோம்" என்கிறார்.
- பாளையங்கோட்டை வாசகி

பிரிக்காமல் எப்படியம்மா தெரியும்? தப்பு உங்கள் மேல் இல்லை. பில்லையும் பாக்கெட்டையும் படம் எடுத்துவிட்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள். மசியவில்லை என்றால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2 வருடத்துக்குள் மனு கொடுக்கலாம், வக்கீல் கட்டாயமில்லை, பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் கிடையாது. ஸ்டிக்கரை மட்டும் உரித்துவிடாதீர்கள், அப்படியே காட்டுங்கள்.