காயம்பட்டவன் மறுநாளே எழுந்து நடக்கலாமா?

கேள்வி கேட்டவர் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறார். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் மேசை விளையாட்டு அது. ஓநாய்களிடம் கடிபட்டுச் சாகக் கிடந்த பாத்திரம் இரவு தூங்கி எழுந்ததும் முழு பலத்தோடு நடப்பது அபத்தம் என்று அவருடைய குழுவில் ஒருவர் விடாமல் வாதிடுகிறாராம். விதிகளை நிஜத்துக்கு நெருக்கமாக மாற்றலாமா, இருப்பதையே வைத்துக்கொள்ளலாமா என்பது கேள்வி.

உங்கள் கதை எதைப் பற்றியதோ அதற்கு மட்டும் விரிவான விதி வையுங்கள். மற்றவற்றை ஒரே பகடை வீச்சில் முடித்துவிடுங்கள். பினாங்கில் நண்பர்களுடன் பல ஆண்டுகளாகத் தமிழிலேயே ஆடிவருபவன் என்ற முறையில், இதை உறுதியாகச் சொல்வேன்.

உங்கள் நண்பரின் வாதம் புதிதல்ல. இந்த விளையாட்டு 1974இல் வெளிவந்தது. அதில் அடி விழ விழக் குறையும் ஹிட் பாயின்ட் என்ற எண்ணிக்கை உடலின் தாங்கும் சக்தியை மட்டும் குறிப்பதல்ல என்று, அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் 1979ஆம் ஆண்டின் வழிகாட்டி நூலிலேயே எழுதிவிட்டார். அனுபவம், அதிர்ஷ்டம், தெய்வத்தின் துணை எல்லாம் அந்த எண்ணுக்குள் அடக்கம். அதனால் எட்டு புள்ளிகள் குறைந்தால் எட்டு புள்ளி ஆழத்துக்குச் சதை கிழிந்தது என்று பொருளில்லை. அடி தோளை உரசிப் போயிருக்கலாம், மூச்சு வாங்கியிருக்கலாம்.

இந்த விளக்கம் எல்லாரையும் திருப்திப்படுத்தவில்லை. 1978இல் வந்த ரூன்குவெஸ்ட் என்ற இதேபோன்ற விளையாட்டு வேறு வழியில் போனது. அடி எந்த உறுப்பில் விழுந்தது என்பதற்குத் தனிப் பகடை, கைக்கும் காலுக்கும் தனித்தனிப் புள்ளிகள், வரும் அடியில் ஒரு பகுதியைக் கவசமே வாங்கிக்கொள்ளும் விதி என்று அதில் எல்லாம் உண்டு. அதை எழுதியவர்களில் ஒருவரான ஸ்டீவ் பெரின், கவசம் அணிந்து பிரம்பு வாள்களால் மோதிப் பழகும் ஒரு சங்கத்தைச் சேர்ந்தவர். அடி வாங்கிப் பார்த்த மனிதர் எழுதிய விதிகள் என்பது படித்தாலே தெரியும்.

எங்கள் குழுவிலும் பிரம்போடு பழகிய ஒருவர் இருக்கிறார். பட்டர்வொர்த்தில் பிள்ளைகளுக்குச் சிலம்பம் சொல்லித்தரும் அண்ணன். உறுப்பு வாரியான விதிகளை அவர்தான் கேட்பார் என்று எல்லாரும் எதிர்பார்த்தோம். அவர் வேண்டாம் என்றார். பழைய டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிப்படி, பகடை வீசித் தாக்கும் ஒரு சண்டைச் சுற்றுக்கு ஒரு நிமிடம் என்று படித்துக் காட்டியபோதும் அவர் முகம் சுளிக்கவில்லை. "சுற்றுகிற வீச்செல்லாம் அடிக்கவா தம்பி சுற்றுகிறோம்? பாதிக்கு மேல் காலடி மாற்றி இடம் தேடுவதுதான். கிடைத்த ஓர் இடத்துக்குத்தான் உங்கள் பகடை" என்றார். ஆனால் ஒன்றில் மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவே இல்லை. நீளக் கம்பு வைத்திருப்பவனைக் குறுங்கத்திக்காரன் நேராக நடந்துபோய்க் குத்த முடியக்கூடாது. ஆகவே குட்டை ஆயுதம் ஏந்தியவர் முதலில் உள்ளே நுழைய, இருவரும் பகடை உருட்டும் ஒரு போட்டி வீச்சில் வெல்ல வேண்டும் என்று ஒரே ஒரு விதியைச் சேர்த்தோம். அந்த ஒரு விதியால் ஆடுபவருக்குத் தேர்வு பிறந்தது: உயிரைப் பணயம் வைத்து நுழைவதா, பின்வாங்கிக் கதவிடுக்குக்குள் அவனை இழுப்பதா? உறுப்புப் பகடை அப்படி எதையும் தராது. இடது முழங்கையில் அடி விழுந்ததைத் தெரிந்துகொள்ள முடியுமே தவிர, அதைப் பற்றி யாரும் எதையும் முடிவு செய்ய முடியாது.

இதே அளவுகோலைச் சண்டைக்கு வெளியேயும் வைத்துப் பாருங்கள். இராசேந்திர சோழனின் 1025ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்புக்குச் சற்று முந்தைய கடாரத்தில், தமிழ் வணிகர்களை வைத்து ஒரு நீண்ட கதை ஆடினோம். பழைய கடாரத்தின் சிதைவுகள் கிடைத்த பூஜாங் பள்ளத்தாக்கு எங்களுக்கு அடுத்த வீடு. அந்தக் காலத்து மாலுமிகளுக்குக் கரையை அடையாளம் காட்டிய ஜெராய் மலை இங்கிருந்தே தெரியும். அந்தக் கதையில் வாள் சண்டை ஒரே வீச்சில் முடிந்துவிடும். காற்றுக்கு மட்டும் மாதவாரியாகப் பட்டியல் போட்டிருந்தேன். தென்மேற்குப் பருவக்காற்றில் கிழக்கே வந்த கப்பல், ஊர் திரும்ப வடகிழக்குக் காற்றுக்குக் காத்திருக்க வேண்டும். காத்திருந்தால் துறைமுகச் செலவு ஏறும், சரக்கை வந்த விலைக்குத் தள்ளிவிட நேரும். கடனோடு காத்திருப்பதா, மாறாத காற்றில் பாய் விரிப்பதா என்று மேசையைச் சுற்றி நடந்த வாக்குவாதங்களை எந்த வாள் சண்டையாலும் எழுப்பியிருக்க முடியாது.

அட்டவணையா, மத்தியஸ்தரின் மதிப்பீடா என்ற சர்ச்சை இந்த விளையாட்டுகளைவிட மூத்தது. 1824இல் பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் பகடையும் இழப்பு அட்டவணைகளும் கொண்ட போர்ப் பயிற்சி விளையாட்டை வெளியிட்டார். 1876இல் இன்னொரு பிரஷ்ய அதிகாரியான வெர்டி டு வெர்னுவா, அட்டவணைகளைத் தூக்கி வைத்துவிட்டு அனுபவமுள்ள மத்தியஸ்தரே முடிவு சொல்லட்டும் என்றார். நிஜப் போருக்கு ஆட்களைப் பழக்கியவர்களே இப்படி வாதிட்டிருக்கிறார்கள் என்பதை உங்கள் நண்பரிடம் சொல்லிப் பாருங்கள்.

இனி உங்கள் ஓநாய்க் கடிக்கு வருவோம். உங்கள் கதை காட்டுவழிப் பயணம், முற்றுகை, பஞ்சம் என்று நாள் கணக்கில் நகர்ந்தால், உங்கள் நண்பர் கேட்பது நியாயம். கதையை நடத்துபவருக்கான 2014ஆம் ஆண்டு டஞ்சன் மாஸ்டர் வழிகாட்டியிலேயே அதற்கான மாற்று விதி உண்டு: ஓரளவு தேறவைக்கும் குறுகிய ஓய்வுக்கு எட்டு மணி நேரம், முழு பலத்தையும் திருப்பித் தரும் நீண்ட ஓய்வுக்கு ஏழு நாட்கள். புதிதாக எந்த அட்டவணையும் தேவையில்லை. காயத்தோடு முன்னேறுவதா, ஒரு வாரம் படுத்துக் கிடந்து எதிரிக்கு அந்த ஒரு வாரத்தைக் கொடுப்பதா என்ற கேள்வி தானாக எழும். ஒரே இரவில் முடியும் நிலவறைக் கதை என்றால் இதைத் தொடவே வேண்டாம். ஆட்டம் அப்படியே நின்றுவிடும். மாற்றுவதாக இருந்தால் மந்திரவாதியாக ஆடுபவரிடம் முதலில் பேசுங்கள். செலவழித்த மந்திரங்களில் பெரும்பகுதி அவருக்கும் ஏழு நாட்கள் கழித்துத்தான் திரும்பும். காயம்பட்டவரைவிட அவருடைய ஆட்டம்தான் அதிகம் மாறும்.