எழும்பும் முன் இறங்கத் தெரிய வேண்டும்: இளம் கூடைப்பந்து வீரர்களுக்கான கேள்வி-பதில்

என் மகனுக்கு வயது 13. உயரமாக வளர்வான் என்று நம்பிக் கூடைப்பந்தில் சேர்த்தோம். இப்போது பயிற்சியாளர் டம்பெல் தூக்கச் சொல்கிறார். எடை தூக்கினால் வளர்ச்சி நின்றுவிடாதா?

இரண்டு நம்பிக்கைகளுக்கும் ஆதாரம் இல்லை. கூடைப்பந்து யாரையும் உயரமாக்குவதில்லை. உயரமானவர்கள் அந்த ஆட்டத்தில் நிலைத்துவிடுவதால் நமக்கு அப்படித் தோன்றுகிறது. அதேபோல, முறையாகக் கற்பிக்கப்பட்டு, தெரிந்த ஒருவர் அருகில் நின்று கவனிக்கும் எடைப்பயிற்சி வளர்ச்சியைத் தடுப்பதில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2020இல் வெளியிட்ட அறிக்கையும் இதையே கூறுகிறது. எலும்பு முனைகளில் இருக்கும் வளர்ச்சித் தட்டுகள் இந்த வயதில் மென்மையானவை என்பது உண்மைதான். ஆனால் ஓடிவந்து எழும்பிப் பந்தைக் கூடையில் இடும் லே-அப் போட்டுவிட்டு ஒற்றைக் காலில் சிமெண்ட் தரையில் இறங்கும்போது, உடல் எடையைப் போலப் பல மடங்கு சுமையை அந்தக் கால் தாங்குகிறது. அதை நாளுக்கு ஐம்பது முறை அனுமதித்துவிட்டு ஐந்து கிலோ டம்பெல்லைக் கண்டு அஞ்சுவதில் பொருளில்லை.

முதல் இரண்டு மாதம் பஸ்கி, தண்டால், ஒரு காலை முன்வைத்து இறங்கும் லஞ்ச், குப்புறப் படுத்த நிலையில் முழங்கையூன்றி உடலை நேராக நிறுத்தும் பிளாங்க் ஆகியவை போதும். பன்னிரண்டு முறை பிசகாமல் செய்ய முடிந்த பிறகு எடையைச் சிறிது கூட்டலாம். நண்பர்களுடன் போட்டி போட்டு, தன்னால் அதிகபட்சம் எவ்வளவு தூக்க முடியும் என்று சோதிப்பது மட்டும் இந்த வயதில் கூடாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: தாமதமாக வந்தவனுக்கு நூறு தோப்புக்கரணம் என்று தண்டனை கொடுக்கும் மைதானங்களில், முழங்காலுக்கு மிகவும் நன்மை தரும் பயிற்சியையே பிள்ளைகள் வெறுக்கக் கற்றுக்கொள்கிறார்கள்.

எனக்கு வயது 15. கூடைக்குப் பின்னால் உள்ள போர்டைத் தொட இன்னும் ஒரு சாண் எழும்ப வேண்டும். கணுக்காலில் எடை கட்டிக்கொண்டு தினமும் 300 முறை குதிக்கிறேன். இரண்டு மாதமாகியும் முன்னேற்றமில்லை.

முன்னேற்றம் இல்லாததற்குக் காரணம் அந்த 300தான். உயரக் குதிப்பது என்பது குறைந்த நேரத்தில் நிறைய விசையைத் தரையில் செலுத்துவது. களைத்த தசையால் அது இயலாது. ஐம்பதாவது குதிப்புக்குப் பிறகு நீங்கள் மெதுவாகக் குதிக்கப் பழகிக்கொண்டிருக்கிறீர்கள். கணுக்கால் எடை ஓட்டத்தின் இயல்பைக் கெடுத்து மூட்டை இழுக்கிறதே தவிர, குதிக்கும் திறனைக் கூட்டுவதில்லை. அதை இன்றே கழற்றிவிடுங்கள்.

முதலில் இறங்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு படிக்கட்டின் உயரத்திலிருந்து, அதாவது ஏறத்தாழ 20 செ.மீ., இரு கால்களிலும் இறங்கி, இடுப்பைப் பின்னே தள்ளி, முழங்கால்கள் பாதவிரல்களின் திசையிலேயே இருக்க, மூன்று நொடி அசையாமல் நில்லுங்கள். இறங்கும் ஒலியைக் கேளுங்கள்; 'தொப்'பென்ற சத்தம் வந்தால் தசைகள் தாங்க வேண்டியதை எலும்பும் மூட்டும் தாங்குகின்றன என்று பொருள். நண்பர் ஒருவரை முன்னால் நின்று கைப்பேசியில் படம்பிடிக்கச் சொன்னால், முழங்கால்கள் உள்நோக்கிச் சாய்கின்றனவா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். இரு காலில் சரியாக வந்த பிறகு ஒற்றைக் காலுக்கும், அதன்பின் பக்கவாட்டுக்கும் செல்லலாம். சிமெண்ட் கோர்ட்டை விட்டுப் பக்கத்தில் உள்ள மண் தரையில் இதைப் பழகுவது நல்லது.

குதிப்புப் பயிற்சி வாரத்துக்கு இரண்டு நாள் போதும். நடுவில் குறைந்தது ஒரு நாள் ஓய்வு இருக்கட்டும். ஒரு நாளில் 50, 60 குதிப்புகளைத் தாண்ட வேண்டாம். ஒவ்வொன்றும் முழு வேகத்தில், போதிய இடைவெளி விட்டு இருக்க வேண்டும். மற்ற இரண்டு நாள்களில் கால் வலுவுக்கான பயிற்சி செய்யுங்கள். உங்கள் வயதில் பலருக்குக் குதிக்கும் உயரம் கூடுவது, குதிக்கும் பயிற்சியைக் கூட்டியதால் அன்று, பஸ்கியை ஒழுங்காகச் செய்யத் தொடங்கியதால்தான்.

எட்டாம் வகுப்பு படிக்கும் மகனுக்கு முழங்காலுக்குச் சற்றுக் கீழே புடைத்து வலிக்கிறது. ஆட்டத்தையே நிறுத்திவிடலாமா என்று பார்க்கிறோம்.

நீங்கள் சொல்லும் இடம் தொடைத்தசையின் நாண் கணைக்கால் எலும்பில் வந்து சேரும் இடம். எலும்பு வேகமாக நீளும் மாதங்களில், குதிப்பதாலும் திடீரென நிற்பதாலும் அந்த இடம் இழுபட்டு வீங்குவதை ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்கிறோம். வளர்ச்சி முடியும்போது வலி பெரும்பாலும் தானாகவே தணிந்துவிடும். புடைப்பு மட்டும் சிலருக்கு எஞ்சும். முழு ஓய்வு பொதுவாகத் தேவையில்லை. வலி லேசாக இருந்து மறுநாள் காலைக்குள் அடங்கிவிடும் அளவுக்கு ஆடட்டும். நொண்டத் தொடங்கினால் நிறுத்தட்டும். சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் அமர்வதுபோல் 30 நொடி நிற்கும் பயிற்சியைப் பலர் வலியின்றிச் செய்ய முடிகிறது.

இரவில் எழுப்பும் வலி, காய்ச்சல், மூட்டு முழுவதும் வீக்கம், கால் மடங்கியபடி சிக்கிக்கொள்வது ஆகியவை இருந்தால் காத்திருக்காமல் எலும்பு மருத்துவரிடம் செல்லுங்கள். புடைப்பே இல்லாமல் முழங்கால் வலியோடு நொண்டும் பிள்ளைக்கு இடுப்பு மூட்டையும் பார்க்கச் சொல்லுங்கள்; வளரும் வயதில் இடுப்பின் கோளாறு முழங்காலில் வலியாகத் தெரிவதுண்டு, அது தவறவிடக்கூடாத ஒன்று.

பெண்கள் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். இரண்டு ஆண்டுகளில் இரு மாணவியருக்கு முழங்கால் தசைநார் அறுந்துவிட்டது. யாரும் அவர்கள்மீது மோதவில்லை.

மோதாமலே அறுவதுதான் இதன் வழக்கம். கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்க, அதாவது ரீபவுண்டுக்கு, எழும்பி இறங்கும்போதோ, ஓடிவந்து சட்டெனத் திரும்பும்போதோ, முழங்கால் போதிய அளவு மடங்காமல் உள்நோக்கிச் சரிகிறது. முழங்காலுக்குள் இருக்கும் முன் சிலுவைத் தசைநார் (ACL) அந்த நொடியில் அறுந்துபோய்விடுகிறது. கூடைப்பந்தில் இந்தக் காயம் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரு மடங்குக்கும் மேல் நேர்கிறது. உடலமைப்பைக் காரணம் காட்டி இதை விட்டுவிடத் தேவையில்லை. ஆண்பிள்ளைகள் சிறுவயதிலிருந்தே மரமேறிக் குதித்துப் பழகும்போது, பெண்பிள்ளைகள் பலர் பன்னிரண்டு வயதில் கோர்ட்டில்தான் முதன்முதலாக உயரத்திலிருந்து இறங்குகிறார்கள் என்பதையும் நான் ஒரு காரணமாகக் கருதுகிறேன்.

வாரத்துக்கு மூன்று நாள், ஆட்டத்துக்கு முன் 15 நிமிடம் இதற்கென ஒதுக்குங்கள். வரிசையாகக் கோர்ட்டைச் சுற்றி ஓடும் வழக்கமான வார்ம்-அப்புக்குப் பதிலாக, மேலே சொன்ன இறங்கும் பயிற்சி, ஓடிவந்து மூன்று சிறு அடிகளில் நிற்பது, ஒற்றைக் கால் பஸ்கி, தோழி குதிகாலைப் பிடித்துக்கொள்ள மண்டியிட்ட நிலையிலிருந்து மெதுவாக முன்சாய்ந்து பின்தொடையை வலுவாக்குவது ஆகியவற்றைச் செய்யவையுங்கள். தொடர்ந்து செய்யும் அணிகளில் இந்தக் காயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருக்கிறது. நடுவில் விட்டுவிட்டால் பயன் இல்லை. மூன்று மாதமாக மாதவிடாய் வராத மாணவி இருந்தால், பயிற்சிக்கு ஏற்ற உணவு கிடைக்காததன் அறிகுறியாக அது இருக்கலாம். வீட்டாரிடம் பேசி மருத்துவரிடம் அனுப்புங்கள்.

ஒரே கணுக்கால் மூன்று முறை பிசகிவிட்டது. உயரமான ஷூ வாங்கினால் சரியாகுமா?

ஷூவை நம்ப வேண்டாம். கயிறு கட்டும் கணுக்கால் பட்டை, ஏற்கெனவே பிசகியவர்களுக்கு உண்மையாகவே உதவும். அதை அணிவதால் கால் பலவீனமாகிவிடாது. ஆனால் பிசகிய மூட்டு தன் நிலையை உணரும் திறனை ஓரளவு இழந்திருக்கும். அதை மீட்காமல் ஆடப் போவதால்தான் மறுபடி பிசகுகிறது. பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நில்லுங்கள், பிறகு கண்ணை மூடிக்கொண்டும், பிறகு பந்தைச் சுவரில் எறிந்து பிடித்தபடியும் நில்லுங்கள். ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்துவது மறுகாலுக்கு இணையாக வரும்வரை போட்டிக்குச் செல்லாதீர்கள். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் நட்சத்திரம் ஸ்டீபன் கரி கணுக்கால் தொல்லையால் 2011-12 பருவத்தில் 26 ஆட்டங்கள்தான் ஆட முடிந்தது. அதன்பின் அவர் அதிகம் உழைத்தது இடுப்பையும் பின்தொடையையும் வலுவாக்குவதில். அடுத்த முறை பிசகியதும் நான்கு அடிகூட நடக்க முடியாவிட்டால், எண்ணெய் போட்டு நீவிவிடாமல் எக்ஸ்ரே எடுங்கள்.

16 வயது. புரோட்டீன் பவுடர் அவசியமா?

இல்லை. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உண்டு. மாலையில் சுண்டலும், இரவில் முட்டையோ மீனோ பருப்போ இருந்தால் உங்கள் தேவை நிறைந்துவிடும். வெறும் வயிற்றோடு காலைப் பயிற்சிக்கு வருவதை முதலில் நிறுத்துங்கள்.

விடுமுறை முகாமில் 12 வயது மகளுக்குக் காலை, மாலை இரு வேளையும் பயிற்சி, ஞாயிறு ஆட்டம். இது சரிதானா?

எளிய அளவுகோல் ஒன்று உண்டு: வாரத்துக்கான பயிற்சி, ஆட்ட நேரங்களின் மொத்தம் பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது. உங்கள் மகளுக்கு அது 12 மணி நேரம். வேளைக்கு இரண்டு மணி நேரம் என்றால் மூன்று நாளில் அது தீர்ந்துவிடும். வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வும், இரவில் ஒன்பது மணி நேர உறக்கமும் தேவை. முகாமை விட்டு நீக்க வேண்டியதில்லை. மொத்தம் 12 மணி நேரத்துக்குள் அடங்கும்படி மாலைப் பயிற்சியைக் குறைத்து, சில நாள்களில் பொழுதுபோக்காக நீச்சலோ கபடியோ விளையாட அனுப்புங்கள். பதினான்கு வயதுக்கு முன் ஒரே ஆட்டத்தில் அடைபடாமல் இருப்பதே நல்லது என்று என்பிஏ அமைப்பும் அமெரிக்காவின் தேசியக் கூடைப்பந்து அமைப்பான யுஎஸ்ஏ பாஸ்கெட்பாலும் 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே சொல்லியிருக்கின்றன. பயிற்சியாளர் மறுத்தால், ஞாயிறு ஆட்டத்தில் அவள் இறங்கும் ஒலியைச் சனிக்கிழமை காலை ஒலியோடு ஒப்பிட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.