‘பட்டியலில் காணோம்’ என்கிறவர்களுக்கு

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புகார்தான்: ஓபேக்கில், அதாவது நூலகத்தின் கணினிப் பட்டியலில், தேடினேன், புத்தகம் இல்லை. திரும்பவும் சொல்கிறேன், பட்டியலில் கண்ணில் படவில்லை என்றால் நூலகத்தில் இல்லை என்று அர்த்தமில்லை.

தாம்பரம்: முழுத் தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு எல்லாம் தட்டியும் ஒன்றும் வரவில்லையே?

எல்லாம் தட்டியதால்தான் வரவில்லை. பெரும்பாலான ஓபேக்குகள் நீங்கள் தரும் ஒவ்வொரு சொல்லும் பதிவில் இருந்தாக வேண்டும் என்று எடுத்துக்கொள்ளும். பதிப்பகப் பெயரில் ஒரு ஒற்று மாறினாலும் போச்சு. தலைப்பிலிருந்து அதிகம் புழங்காத ஒரு சொல், ஆசிரியர் பெயரில் ஒரு சொல், அவ்வளவு போதும். நிறைய வந்தால் அப்புறம் வடிகட்டிக்கொள்ளலாம்.

திருவல்லிக்கேணி: உ.வே.சா. பதிப்புகள் நான்கைந்துதான் காட்டுகிறது. மீதி எங்கே?

முன்னெழுத்தை விட்டுவிடுங்கள். புள்ளிக்குப் பின் இடம் விட்டார்களா இல்லையா என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். சாமிநாதையர், சாமிநாத ஐயர், சுவாமிநாதையர் என்று தனித்தனியாகத் தேடுங்கள். கிடைத்த பதிவில் ஆசிரியர் பெயரைச் சொடுக்கினால், அதே வடிவில் பதிவான மற்றவை வரிசையாக வரும்.

மடிப்பாக்கம், கல்லூரி மாணவி: ‘ஔவையார்’ என்று தேடினால் ஏழெட்டு நூல்கள்தான் வருகின்றன. இவ்வளவுதானா?

இல்லை அம்மா. அதே பெட்டியில் முதலில் ‘ஒ’, அடுத்து ‘ள’ என்று இரண்டு எழுத்தாகத் தட்டி, ‘ஒளவையார்’ என்று தேடிப் பாருங்கள். இன்னொரு கூட்டம் வரும். ‘அவ்வையார்’ என்று போட்டால் மூன்றாவது கூட்டம்.

பட்டியல் வேலையில் என்னை இவ்வளவு நோகடித்த பிழை வேறில்லை. ‘ஔ’ ஓர் எழுத்து. அதை ‘ஒ’வும் ‘ள’வும் சேர்த்து அடித்தாலும் திரையில் பார்க்க அப்படியே இருக்கும். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. அகர வரிசையிலும் ஒன்று ‘ஓ’வுக்குப் பின்னால் போய் நிற்கும், மற்றது ‘ஒ’வுக்குள் புதைந்துவிடும். எழுத்தாளர் மௌனி ‘மெளனி’ ஆவதும், பௌத்தம் ‘பெளத்தம்’ ஆவதும் இதே கதைதான். எது எதுவென்று தெரியாவிட்டால் எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து ஒருமுறை அழித்துப் பாருங்கள். சரியான ‘ஔ’ முழுசாகப் போய்விடும். தப்பானதில் ‘ள’ மட்டும் போய் ‘ஒ’ நிற்கும்.

ஒரு நூலகத்தில் மௌனி கதைகளைக் கேட்டு ஒரு பெரியவர் மூன்று முறை வந்து வெறுங்கையோடு திரும்பினார். புத்தகம் தட்டிலேயே இருந்தது, பதிவில் ‘மெளனி’. திருத்தச் சொன்னேன். “ரெண்டும் ஒரே மாதிரிதானே சார் தெரியுது” என்று பதில் வந்தது. தமிழ்99 விசைப்பலகையில் ஔ, ஓ, ஒ மூன்றும் பக்கத்துப் பக்கத்து விசைகள். சரியாக அடிக்க ஒரு நொடி கூடுதலாக ஆகாது. அடிக்காததால் ஒருவருடைய நூல் வருஷக்கணக்கில் காணாமல் கிடக்கிறது. தேடுகிறவர்களே, இப்படி ஒன்று அகப்பட்டால் பதிவு எண்ணோடு நூலகருக்கு எழுதுங்கள். நான் இன்றைக்கும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன்.

வடபழனி: வெளிநாட்டு நூலகப் பட்டியலில் சிலப்பதிகாரம் இல்லையாம்!

இருக்கிறது. ‘எஸ்’ போட்டுத் தேடியிருப்பீர்கள். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதும் அமெரிக்க லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் முறையில் ‘ச’வுக்கு ‘சி’ என்ற ஆங்கில எழுத்து. ‘த’வுக்கு ‘டி’ மட்டும், பக்கத்தில் ‘ஹெச்’ கிடையாது. ‘ழ’வுக்கு அடிக்கோடிட்ட ‘எல்’. கோடு, புள்ளி இல்லாமல் தட்டினாலே பெரும்பாலும் வந்துவிடும்.

அண்ணா நகர்: 1958இல் வந்த நூலுக்கு ஐஎஸ்பிஎன் எங்கே பார்ப்பது?

எங்கேயும் பார்க்க முடியாது. ஒவ்வொரு நூலுக்கும் தனி அடையாள எண் தரும் அந்த முறையே 1970 வாக்கில்தான் வந்தது. 2007க்கு முந்திய நூல்களில் பத்து இலக்கம், அதற்குப் பிறகு பதின்மூன்று. பழைய எண்ணின் முன்னால் 978 சேர்த்தால் மட்டும் போதாது, கடைசி இலக்கமும் பெரும்பாலும் மாறும்.

குரோம்பேட்டை: இதழில் வந்த கட்டுரையைத் தலைப்பு போட்டுத் தேடினேன்.

பொதுவாக ஓபேக்கில் இதழின் பெயர்தான் இருக்கும், உள்ளே இருக்கும் கட்டுரை இருக்காது. இதழைத் தேடுங்கள்.

கொளத்தூர்: நாட்டுப்புறப் பாடல் நூல்களை மொத்தமாக எடுப்பது எப்படி?

‘நாட்டுப்புற’ என்று அடித்து அதோடு ஒட்டி ஒரு நட்சத்திரக் குறி போடுங்கள். நாட்டுப்புறப்பாடல், நாட்டுப்புறப் பாடல்கள் என்று சேர்த்தும் பிரித்தும் எழுதியவை எல்லாம் சிக்கும். பொருந்துகிற ஒரு நூல் கிடைத்ததும் அதன் பதிவை முழுதாகத் திறந்து, நூல் எதைப் பற்றியது என்று சொல்லும் பொருள் தலைப்பைச் சொடுக்குங்கள். தமிழ் நூலுக்கும் அது பல இடங்களில் ஆங்கிலத்தில்தான் இருக்கும், மிரள வேண்டாம்.

பெயர், ஊர் இல்லாத கடிதம்: ‘நான் கேட்ட நூல் இருக்கிறதா?’

எந்த நூல், எந்த நூலகம் என்று ஒரு வார்த்தை இல்லை. அடுத்த முறையாவது எழுதுங்கள்.

மந்தைவெளி: ‘கையிருப்பில்’ என்று காட்டியது. நேரில் போனால் தட்டில் இல்லை.

தட்டில் நூலின் இடத்தைக் காட்டும் அழைப்பு எண்ணைக் குறித்துக்கொண்டு போனீர்களா? தலைப்பை மட்டும் மனசில் வைத்துப் போகிறவர்கள்தான் அதிகம். எண்ணுக்கு இரண்டு பக்கமும் ஒரு கை தூரம் பாருங்கள், மேசைகளில் கிடப்பவற்றையும் பாருங்கள். யாராவது படித்துவிட்டு வைத்தது இன்னும் தட்டேறாமல் இருக்கும். மறுபடியும் அதே பேச்சுதான்: கண்ணில் படவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமில்லை.

பெரம்பூர்: தாத்தா காலத்து நாடகப் பாட்டுப் புத்தகங்கள் எந்தப் பட்டியலில் இருக்கும்?

தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் ஒரு தனிமனிதர் வாழ்நாளெல்லாம் சேர்த்ததை வைத்து 1994இல் தொடங்கியது. பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை வரை அவர் சேர்த்திருந்தார். இணையப் பட்டியலும் உண்டு. நாடகத்தின் பெயரில் ஒரே ஒரு சொல்லை மட்டும் போட்டுத் தொடங்குங்கள்.