அறிவியலாளர்களின் வாழ்க்கைப் படங்களை ஆசிரியர் பயிற்சி வகுப்பில் பயன்படுத்தலாமா?

தாராளமாக. ஆனால் முழுப் படத்தையும் ஓடவிட்டு, ‘எப்படி இருந்தது?’ என்று கேட்பது வெட்டிவேலை. ஒரு காட்சி போதும். 2014-இல் வந்த ‘தி இமிடேஷன் கேம்’ படத்தில், இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனி ரகசியச் செய்திகளுக்குப் பயன்படுத்திய எனிக்மா கருவியின் சங்கேதத்தை உடைக்கும் இயந்திரம் ஏறக்குறைய பிரிட்டிஷ் கணிதவியலாளர் ஆலன் டூரிங் என்ற ஒற்றை மனிதரின் பிடிவாதத்தால் உருவாகிறது. உண்மையில், போலந்துக் கணிதவியலாளர் மரியான் ரெயெவ்ஸ்கி 1932-இலேயே எனிக்மாவின் உள்கம்பி இணைப்புகளைக் கணக்குப் போட்டே கண்டுபிடித்துவிட்டார். 1939 ஜூலையில், போர் மூளும் தறுவாயில், போலந்துக்காரர்கள் தங்கள் முறைகளைப் பிரிட்டனிடம் ஒப்படைத்தார்கள். டூரிங்கின் இயந்திரத்தை மேம்படுத்தியதில் அவருடைய சக கணிதவியலாளர் கோர்டன் வெல்ச்மனுக்கும் பெரும்பங்கு உண்டு.

காட்சியைக் காட்டியபின் இந்தத் தகவல்களைக் கொடுத்து, திரைக்கதை எதை வெட்டியது, ஏன் என்று பயிற்சி ஆசிரியர்களை எழுதச் சொல்லுங்கள். அடுத்து அவர்கள் கற்பிக்கப்போகும் பாடப்புத்தகத்தையே நீட்டி, அதே கேள்வியைக் கேளுங்கள். தனிமேதைக் கதைகள் அங்கேயும் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும்.