வெட்டப்பட்ட கிளைகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் தெருமுனையில் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று நிற்கிறது. சென்ற வாரம் கரண்டை நிறுத்திவிட்டு வந்தவர்கள் தெருப்பக்கக் கிளைகள் முழுவதையும் வெட்டிப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அதன் அடியில்தான் இஸ்திரி வண்டி நிற்கும். பள்ளி வேனுக்குப் பிள்ளைகள் காத்திருப்பதும் அங்கேதான். மாடியிலிருந்து வீடியோ எடுத்தேன், இணைத்திருக்கிறேன். எடுக்கும்போதே அழுதுவிட்டேன். "மரத்தையா வெட்டுனாங்க? கிளையைத்தானே, தழைஞ்சிடும்" என்கிறார் என் கணவர். போன வருடம்தான் அடிமரத்தைச் சுற்றி சிமென்ட் போட்டு, உட்காரத் திண்ணை கட்டி, அவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டோம். நான் அளவுக்கு மீறி உணர்ச்சிவசப்படுகிறேனா? யாரிடம் மனு கொடுப்பது?

க., திருச்சி

அன்புள்ள க.,

மனு கொடுங்கள். பெரிதாக நம்ப வேண்டாம். டெல்லியில் 1994 முதல் மரங்களுக்கென்று ஒரு சட்டம் இருக்கிறது. நம்மிடம் உள்ள 1955ஆம் ஆண்டுச் சட்டம் மலைப்பகுதி மரங்களுக்கானது, திருச்சித் தெருமுனைக்கு வராது. அழுததற்கெல்லாம் விளக்கம் தேட வேண்டாம்.

உங்கள் கணவர் சொன்ன அந்த "கிளையைத்தானே" கொஞ்ச நாளாகவே என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. மரத்தை அடியோடு சாய்த்தால் ஊர் கூடும், நாளிதழில் படம் வரும். கிளை போனால் யாரும் கேட்பதில்லை. அடிமரமா நிழல் தருகிறது? இஸ்திரிக்காரர் இத்தனை காலம் நின்றது கிளைக்குக் கீழேதான்.

தழையும், சரி. எப்படித் தழையும்? நடுவில் மொட்டையாக வெட்டிய கிளையில், பட்டைக்கு அடியில் உறங்கும் மொட்டுகள் கொத்தாகக் கிளம்பும், விறுவிறுவென்று நேராக மின்கம்பியைப் பார்த்து. பழைய கிளை அடிமரத்தோடு ஆண்டுக்காண்டு பின்னி வளர்ந்தது. புதுப்போத்துகளோ மேலாக ஒட்டிக்கொண்டு நிற்பவை, கனத்ததும் காற்றில் பிய்ந்து விழும். அதைக் காட்டி மறுபடி வெட்ட வருவார்கள். கவட்டை வரை போய், கம்பியை விட்டு விலகிப் போகும் பக்கக்கிளையை வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் கழித்திருந்தால் மரம் அந்தப் பக்கமாகவே வளர்ந்துகொள்ளும்.

என் சிறுவயதில் கொல்லை வேம்பு ஓட்டின் மேல் சாயும்போதெல்லாம் கழிப்பதற்கென்று ஒரு தாத்தா வருவார். கிளை அடிமரத்தில் சேரும் இடத்தில் சுருக்கம் விழுந்து ஒரு தடிப்பு இருக்கும். அதைக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். மேல் கவட்டையில் கயிற்றைப் போட்டுக் கிளையைக் கட்டுவார். தடிப்பிலிருந்து ஒரு முழம் தள்ளி, முதலில் கிளையின் அடிப்பக்கம் ரம்பத்தால் கொஞ்சம் அறுப்பார். பிறகு இன்னும் சற்றுத் தள்ளி, மேலிருந்து அறுப்பார். கிளை முறிந்தாலும் பட்டை உரிந்து அடிமரம் வரை வராது. மிஞ்சிய முண்டைக் கடைசியாக, தடிப்பைத் தொடாமல் அதை ஒட்டி எடுப்பார். வெட்டுவாயில் சாணம் அப்பச் சொல்வாள் பாட்டி. "வேணாம் ஆத்தா, அதுவே மூடிக்கும்" என்பார். அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி அலெக்ஸ் ஷைகோ மரம் மரமாக அறுத்துப் பார்த்து எழுதியதும் இதுதான். தடிப்பை வெட்டினால் அழுகல் உள்ளே இறங்கும். மரத்தின் காயம் நம் காயம் போல ஆறுவதில்லை, சுற்றிலும் தடுப்புப் போட்டு அடைத்துக்கொள்கிறது. மேலே தார் பூசி அழுகலை நிறுத்த முடியாது.

உங்கள் வீடியோவில் மேலிருந்து அரிவாளால் கொத்துகிறார்கள். கிளை தன் பாரத்திலேயே கிழிந்து, அடிமரத்துப் பட்டையும் நீளமாக உரிந்து தொங்குகிறது. அந்தப் பையனைத் திட்ட மாட்டேன். கம்பம் ஏறத் தெரிந்தவனிடம் அரிவாளைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள், மரம் கழிக்க யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. உங்களைத்தான் திட்டுகிறேன். வீடியோ முடியும்வரை மாடியில் ஏன் நின்றீர்கள்? இறங்கி வந்து, "தம்பி, அந்தப் பக்கக்கிளையை விட்டுடுப்பா" என்று கேட்டிருந்தால் ஒன்றாவது மிஞ்சியிருக்கலாம்.

அதைவிட அந்தத் திண்ணை. அடிமரத்தை ஒட்டி சிமென்ட் போட்டுவிட்டு, நன்றாகப் பார்த்துக்கொண்டோம் என்று எழுத எப்படி அம்மா மனம் வந்தது? வேருக்குக் காற்று வேண்டும், மழைத்தண்ணீர் இறங்க வேண்டும். அடி பெருக்கப் பெருக்க அந்த வளையம் மரத்தை இறுக்கும். இப்போது தெருப்பக்கம் பாரம் போய்விட்டது, வீட்டுப்பக்கம் அப்படியே இருக்கிறது. 2016 டிசம்பர் 12 அன்று அடித்த வர்தா புயலுக்கு மறுநாள் சென்னைத் தெருக்களில் நடந்தேன். நடைபாதை சிமென்ட்டையும் பெயர்த்துக்கொண்டு சாய்ந்து கிடந்த மரங்களைத் தாண்டித் தாண்டிப் போனது இன்னும் மறக்கவில்லை.

இந்த வாரமே அந்தச் சிமென்ட்டை உடையுங்கள். வேரில் கடப்பாரை படாமல், மெதுவாக. சுற்றிலும் மூன்றடியாவது மண் தெரியட்டும். தொங்கும் பட்டையைக் கூரான கத்தியால் சீராக நறுக்கிவிடுங்கள். கிளம்பும் தளிர்களை அடுத்த ஆண்டுவரை தொடாதீர்கள், இப்போது ஒவ்வொரு இலையும் மரத்துக்குச் சோறு. சமன் செய்கிறேன் என்று வீட்டுப்பக்கக் கிளைகளில் யாரையும் கைவைக்க விடாதீர்கள். இஸ்திரிக்காரர் இப்போது எங்கே நிற்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. உங்கள் வீட்டு முன்பக்கம் நிழலிருந்தால் அவரைக் கூப்பிட்டு நிறுத்துங்கள்.

அடுத்த முறை கரண்ட் நிறுத்தும் தேதி தெரிந்ததும் எனக்குச் சொல்லுங்கள். ரம்பமும் கயிறும் எடுத்துக்கொண்டு வருகிறேன், அந்தப் பையனோடு சேர்ந்து செய்வோம்.